சைமி மதினியின் மீன்பகை

என் மனைவி ஆல்லிக்கு ஒரே ஓர் அக்கா. பெயர் சைமி மொய்லானென். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் சமையல் செய்தவர். நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு. எந்தப் பிள்ளையாவது தட்டில் மிச்சம் வைத்தால், அதன் பெயரோடு நிறுத்தமாட்டார். அதன் அப்பா அந்தக் காலத்தில் எதை மிச்சம் வைத்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுவார். இப்படிப்பட்டவர் ஒரு மீன்ஜாதியோடு பகை வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஏரி பச்சையாகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பார்த்தவன் நான். அந்தப் பகையால் ஒரு வருஷம் முழுக்கக் கோலிக்குண்டு அளவு உருளைக்கிழங்கைத் தின்றவனும் நான்தான்.

எங்கள் ஏரிக்குப் பெயர் வல்கேயா. வெளுப்பு என்று அர்த்தம். சுற்றிலும் காடு, தென்கரையில் ஒன்பது வீடுகள். அந்த நாளில் படகிலிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணலாம். மதினி வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராக ஏரியைப் பார்க்கும். கரையில் நிற்கும் பைன் மரத்தில் வாத்து முட்டையிட ஒரு பெட்டி அடித்து வைத்திருந்தார். பொன் நிறக் கண்ணுள்ள காட்டு வாத்து ஒன்று வருஷா வருஷம் அதில் குஞ்சு பொரிக்கும். ஜூன் மாதம் குஞ்சுகள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்து அம்மா பின்னால் தண்ணீருக்குப் போகும். மதினி காலைக் காப்பியோடு ஜன்னலில் நின்று எண்ணுவார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் பதினோரு குஞ்சு. மூன்றாம் நாள் ஒன்பது. ஒரு வாரத்தில் ஆறு. கடைசிக் குஞ்சு போனதை அவரே கண்ணால் பார்த்தார். தண்ணீர் ஒரு சுழி சுழித்தது, குஞ்சைக் காணோம். எங்கள் ஊரில் அப்படிச் செய்யக்கூடிய மீன் ஒன்றே ஒன்றுதான். ஹவுக்கி. தட்டை வாய், உள்ளே பின்பக்கம் சாய்ந்த பல் வரிசை. கோரைக்குள் விறகுக்கட்டை மாதிரி அசையாமல் நிற்கும். அடுத்த நிமிஷம் அங்கே இருக்காது, அது குறிவைத்த இரையும் இருக்காது.

அதையாவது பொறுத்திருப்பாரோ என்னவோ. அதே மாதம், படகுத்துறையில் உட்கார்ந்து கம்பளம் துவைத்துவிட்டு, களைப்பாறக் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறார். பெருவிரலை ஒன்று கவ்வியது. நான்கு தையல்.

பார்க்கப் போனபோது நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மதினி, அது வாத்துக்குஞ்சுன்னு நெனச்சிருக்கும். தப்பு உங்க விரலு மேலதான்."

"ஒன் மூக்கை விட்டிருந்தா துடுப்புன்னு நெனச்சு ஓடியிருக்கும்" என்றார். பிறகு சிரிக்காமல், "மாப்ள, எழுதி வச்சுக்கோ. இந்த ஏரியில ஹவுக்கின்னு ஒண்ணு இல்லாம பண்றேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் செய்து முடித்தார்.

மே மாதம் பனிக்கட்டி உடைந்ததும் ஹவுக்கி முட்டையிடக் கரையோரத்துக்கு வரும். கோரை மூழ்கிக் கிடக்கும் முழங்கால் ஆழத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். வல்கேயாவில் அப்படி மூன்று இடங்கள்தான். மூன்றிலும் மதினி கம்பிவலைக் கூண்டு போட்டார். முட்டை நிறைந்த பெரிய பெட்டை மீன்கள்தான் முதலில் மாட்டின. வெயில் காலத்தில் தூண்டில், குளிர்காலத்தில் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு நரம்புத் தூண்டில். பெரிய மீன்களின் தலையைக் காயவைத்து விறகுக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்தார். வாயைப் பிளந்தபடி வரிசை வரிசையாகத் தலைகள். தபால்காரர் அந்தப் பக்கம் வரும்போது சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பார்.

மீன்களின் உடம்பெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ஹவுக்கி உருண்டை. என் மகள் லஹ்யா முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"பெரியம்மா, இந்த மீனு இன்னும் தீரலையா?"

"தீந்துரும் கண்ணு. சீக்கிரம் தீந்துரும்."

பெரியம்மா உருண்டையைச் சொல்லவில்லை, ஏரியைச் சொன்னார் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்?

எழுபத்தெட்டில் கடைசிப் பெரிய ஹவுக்கி மாட்டியது. பதினோரு கிலோ. அதைத் தூக்கி மேஜையில் போட நானும் கைகொடுத்தேன். மதினி வயிற்றைக் கிழித்தார். உள்ளே உள்ளங்கை நீளச் சார்க்கி மீன்களாகக் கிடந்தன. பாதி செரித்ததும் செரிக்காததுமாகப் பதினான்கு. சார்க்கி தெரியுமல்லவா, வெள்ளிச் செதிலும் சிவந்த கண்ணும், உடம்பெல்லாம் முள்ளும். எங்கள் ஊரில் பூனைக்குத்தான் போடுவார்கள்.

"பாவம், எத்தனை பேரைத் தின்னிருக்கு பாரு" என்று மதினி அந்தச் சார்க்கிகளுக்காக இரக்கப்பட்டார். நானும் "பாவந்தான்" என்றேன். இரண்டு பெரிய மனுஷர்கள் அந்த மேஜைமேல் குனிந்து நின்று, ஏரியின் கதை முழுவதும் கண்ணெதிரே கிடக்க, அதை வழித்துப் பூனைக்குப் போட்டோம்.

அதற்கு அடுத்த வருஷம் தூண்டில் போட்டால் சார்க்கி. மறு வருஷம் வலை போட்டாலும் சார்க்கி, அதுவும் விரல் நீளம்தான். முன்பு கொழுத்துக் கிடந்த வரிமீன் தலை பெருத்து உடல் மெலிந்து, சோறு கிடைக்காத வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிற்று. எண்பத்தொன்றாம் வருஷம் ஜூலையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பட்டாணி சூப் மாதிரி. வலையை இழுத்தால் கொழகொழவென்று பாசி. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. நீராவிக் குளியலறையான சௌனாவில் சூடான கல்மேல் ஏரித் தண்ணீர் ஊற்றினால் எழும்பும் ஆவியில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. சௌனாவில் வாடை வந்தால் எங்கள் ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆளுக்கு ஆள் குற்றவாளி தேட ஆரம்பித்தார்கள்.

மதினிக்குத் தேட நேரமாகவில்லை. நேராக என் தோட்டத்துக்கு வந்தார்.

"மாப்ள, என்ன போடுற இதுக்கு?"

"உருளைக்கிழங்குக்கா? உரந்தான்."

"அதான். மழை பெஞ்சா அம்புட்டும் ஓடி ஏரிக்குள்ள விழுது. நீ கெழங்கு வளக்கல, பாசி வளக்குற."

"மதினி, என் தோட்டம் உங்க சமையக்கட்டு அளவு. ஏரி அறுபது ஹெக்டேரு."

"ஒரு பானைப் பாலு திரிய எத்தனை சொட்டு வேணும்?"

சமையல்காரியோடு யார் வாதாடுவது? ஏரிச் சங்கக் கூட்டத்தில் என் தோட்டத்தை எழுந்து நின்று காட்டிக்கொடுத்தார். ஒரு வருஷம் உரம் போடக்கூடாது என்று தீர்மானம். என் மனைவியும் அக்கா பக்கம்தான் கை தூக்கினாள். அந்த வருஷக் கிழங்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏரியோ முந்திய வருஷத்தைவிடப் பச்சையாக இருந்தது.

கடைசியில் சங்கம் நகரத்துக்குக் கடிதம் எழுதி, மீன் ஆராய்ச்சிக்காரர் ஒருவரை வரவழைத்தது. பிர்க்கோ என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பட்டுத்துணி வலை, கண்ணாடிக் குப்பிகள், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கக் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு. நான்தான் துடுப்பு போட்டேன். வந்த முதல் மணி நேரத்திலேயே முடிச்சு அவிழ்ந்து தட்டு ஏரிக்குள் போய்விட்டது. மதினி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் சூப்புப் பானையின் வெள்ளை எனாமல் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதையும் முழுக்கிட்டு வந்தீன்னா பள்ளிக்கூடம் தெறந்ததும் புள்ளைங்களுக்கு சூப்பு கெடையாது."

மூடி இரண்டு முழம்கூட இறங்கவில்லை, பச்சைக்குள் மறைந்துவிட்டது. பட்டு வலையில் வந்ததைக் குப்பியில் ஊற்றி பிர்க்கோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மதினியின் சமையலறை மேஜையிலேயே பத்து சார்க்கியை அறுத்து, குடலை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஆல்லி காப்பியும் ஏலக்காய் பன்னும் எடுத்து வைத்தாள்.

"இந்த ஏரியில பெரிய நீர்த்தெள்ளு ஒண்ணுகூட மிச்சமில்ல" என்றார் பிர்க்கோ. "எல்லாம் சார்க்கி வயித்துல இருக்கு. இவ்வளவு சார்க்கி எப்படி வந்துச்சு? ஹவுக்கியெல்லாம் எங்க போச்சு?"

ஆல்லி காப்பிக் கெட்டிலைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிர்க்கோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கொட்டகைச் சுவர் நன்றாகத் தெரிந்தது.

"அது என்ன?"

"எங்க போச்சுன்னு கேட்டீங்களே" என்றேன். "அங்கதான்."

மேஜைக்குக் கீழே மதினியின் கால் என் முழங்காலைத் தேடி வந்தது. குறி தப்பவில்லை.

பிர்க்கோ சிரிக்கவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். தண்ணீரில் கடுகளவு இருக்கும் நீர்த்தெள்ளு பாசியை மேய்ந்து தின்னும். சார்க்கி அந்தத் தெள்ளைத் தின்னும். ஹவுக்கி சார்க்கியைத் தின்னும். ஹவுக்கி இருந்தவரை சார்க்கி அளவோடு இருந்தது. தெள்ளு நிறைய இருந்து பாசியை வழித்துத் தின்றது. மேலே இருந்ததை எடுத்ததும் கீழே வரைக்கும் எல்லாம் மாறிவிட்டது. சார்க்கி கூட்டமாகச் சேற்றைக் கிளறி, கழித்து, பாசிக்கு உரமும் போடுகிறது.

உரம் என்றதும் நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்க்கவில்லை.

"இந்தா பொண்ணே" என்றார். "நான் வாத்துக்குஞ்சைத் தின்ன மீனைப் பிடிச்சேன். அதனால தண்ணி பச்சையாச்சுன்னு சொல்ற. நான் தும்முனதாலதான் மழை பெஞ்சுதுன்னும் சொல்லுவியா?"

"தும்முனதுக்கு ஆதாரம் இல்லக்கா" என்றார் பிர்க்கோ. "இதுக்குச் செவுரு நிறைய இருக்கு."

பிர்க்கோ போன பிறகு மதினி பத்து நாள் எங்களைக் காப்பிக்குக் கூப்பிடவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. வியாழக்கிழமை வழக்கமான மீன் உருண்டைக்குப் பதிலாகப் பட்டாணி சூப்பும் அடையும் போட்டார். காரணம் புரியாமல் பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் காணோம். ஆல்லி என்னைத் தேடச் சொன்னாள். மதினி வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனால், எங்கள் தொட்டியும் அவர் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில், நிறையத் தண்ணீரோடு. மேலே ஜன்னல் திரைத் துணி போர்த்தியிருந்தது.

"தொடாத!" என்று பின்னாலிருந்து சத்தம்.

"என் தொட்டி மதினி."

"தெரியும். அதுக்காகத் தொடலாமா?"

மெல்ல மெல்லத்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டிலும் ஏரித் தண்ணீர், ஒரே பச்சை. காட்டுக்குள் ஒரு குட்டை இருக்கிறது. அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. பழைய நைலான் காலுறையைக் கம்பி வளையத்தில் கட்டி, அந்தக் குட்டையிலிருந்து நீர்த்தெள்ளு அரித்து வந்து இரண்டு தொட்டியிலும் சமமாக விட்டிருக்கிறார். எங்கள் தொட்டியில் மட்டும் கூடுதலாக எட்டு சின்னச் சார்க்கி.

"அந்தப் பொண்ணு சொன்னது பொய்யின்னு காட்டப் போறேன்."

"அப்புறம் ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒருவேளை நெசமா இருந்துட்டா?" என்றார்.

பதினெட்டாம் நாள் ஆல்லியிடம் சொல்லி என்னை வரச்சொன்னார். எங்கள் தொட்டி போட்ட மாதிரியே பச்சை. சார்க்கிகள் உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் தொட்டியில் அடியில் இருந்த ஆணித்தலைகள், துருப்பிடித்த ஒட்டு, எல்லாம் தெரிந்தன. கடுகு கடுகாகத் தெள்ளுகள் துள்ளித் துள்ளி நீந்தின.

மதினி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பண்ணியிருக்கேன் மாப்ள."

நான் இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"பத்து வருஷம். ஒவ்வொரு மீனு வயித்தையும் நான்தான் அறுத்தேன். எல்லாத்துலயும் சார்க்கி கெடந்துச்சு. வாத்துக்குஞ்சு எத்தனை தடவ பாத்தேன் தெரியுமா? ரெண்டு தடவ. ரெண்டே ரெண்டு. ஆனா அறுக்கும்போதெல்லாம் அந்த ரெண்டுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

உருளைக்கிழங்கு விஷயத்துக்காகவே நான் நல்ல நல்ல கேலிகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். "தொட்டிய எப்பத் தருவீங்க?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர் முந்தானையால்... இல்லை, எங்கள் ஊரில் ஏது முந்தானை. ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சார்க்கிய எடுத்துட்டு நீயே தூக்கிட்டுப் போ" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. மதினி எழுந்தார். "ஏரி பச்சையானதுக்கு ஓர்வோ தோட்டம் காரணம்னு சொன்னேன். அது தப்பு. காரணம் நான்" என்று சொல்லிவிட்டு, தொட்டி விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். ஓர்வோ நான்தான். என் பெயர் கூட்டக் குறிப்பில் நல்லவிதமாக வந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு வேலை செய்ய வேண்டும் என்றார். சார்க்கியை அள்ளி வெளியே போட வேண்டும், ஹவுக்கியை விட்டு வளர்க்க வேண்டும்.

ரோமத்துக்காக நரிப் பண்ணை வைத்திருக்கும் ஏவெர்ட் குதித்தான். "என் வலையக் கிழிக்கிற மீனுக்கு நாம காவல் நிக்கணுமா?"

"ஆமா. மொதக் காவலு நீதான்."

"சார்க்கியை அள்ளி என்ன பண்றது? யாரு திம்பா?"

"ஒன் நரிங்க திங்காதா?"

ஏவெர்ட் உட்கார்ந்துவிட்டான். தீனி சும்மா வருகிறது என்றால் அவன் எதையும் யோசிப்பான்.

மூன்று அக்டோபர் மாதங்கள் இழுவலை போட்டோம். தண்ணீர் குளிர்ந்ததும் சார்க்கி ஆழமான குடாவில் கூட்டமாக ஒதுங்கும், அப்போதுதான் சுலபம். சுலபம் என்று பிர்க்கோ சொன்னார். ஈரக் கயிற்றை விறைத்த கையால் இழுத்தவர்களைக் கேட்டால் வேறு சொல்லுவார்கள். முதல் வருஷம் மட்டும் ஆறு டன். பெரிய துறையில் மதினி அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சூப்பு வைப்பார். நடுவில் வந்து, நாங்கள் இழுப்பது சரியில்லை என்று கயிற்றைப் பிடுங்கி அவரே இழுப்பார். நரிகள் கொழுத்தன. மிச்சத்தை அரைத்துப் பள்ளிக்கூடத்தில் வடை மாதிரி தட்டிப் பொரித்தார். "ஹவுக்கி உருண்டையே தேவலை" என்று அடுத்த தலைமுறைப் பிள்ளைகள், உருண்டையைத் தின்றே பார்க்காதவர்கள், வீட்டில் கேள்விப்பட்டதை வைத்துச் சொன்னார்கள்.

வெயில் காலத் தொடக்கத்தில் மீன்பண்ணையிலிருந்து பால் கேன்களில் ஹவுக்கிக் குஞ்சுகள் வந்தன. தீக்குச்சி நீளம். கோரைக்குள் விடும் வேலையை மதினி யாருக்கும் தரவில்லை. பூட்ஸ் போட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அகப்பையால் மொண்டு மொண்டு விட்டார். நான் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத் தின்னுங்க. சார்க்கியத் தின்னுங்க, எவ்வளவு வேணும்னாலும் தின்னுங்க" என்றார் அவற்றைப் பார்த்து. "வாத்துப் பக்கம் மட்டும் போனீங்கன்னு வையி..."

"போனா என்ன பண்ணுவீங்க மதினி?"

அகப்பையோடு நின்று யோசித்தார். "கேனை நேராப் பிடி" என்றார்.

சுவரிலிருந்த தலைகளையும் இறக்கினார். இறக்கி, தள்ளுவண்டியில் போட்டு என் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பாத்திக்குப் பாத்தி அவரே குழி தோண்டிப் புதைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த வருஷக் கிழங்கு ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு. ஆனால் தோண்டும்போது நடுநடுவே பல்லோடு ஒரு தாடை வெளியே வரும்; ஆல்லி தோட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

நான்காவது கோடையில் தண்ணீர் தெளிந்தது. பழையபடி முழுவதும் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் இன்னும் பச்சை தட்டுகிறது. ஆனால் சௌனாவில் வாடை இல்லை, வரிமீனுக்கு முதுகில் சதை பிடித்தது. வாத்தும் வந்தது. குஞ்சும் பொரித்தது, அந்தக் குஞ்சுகளும் ஒன்றிரண்டாகக் குறைந்தன. மதினி ஜூன் மாதத்தில் காப்பி குடிக்கும் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். முதுகைக் காட்டிக்கொண்டு, "எத்தனை இருக்கு?" என்று என்னைக் கேட்பார். நான் இரண்டு கூட்டிச் சொல்லுவேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், பக்கத்து ஊர் ஏரியும் பச்சையாகிவிட்டது. அவர்கள் வந்து பேசும்படி அழைத்தார்கள். மேடை, கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். மதினி கரும்பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வாளி மீனைக் கொடுத்துத் தூக்கிவரச் செய்திருந்தார். மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, ஆளுக்கு ஒரு மீன், ஒரு கத்தி.

"மொதல்ல வயித்தை அறுங்க" என்றார். "யாரு யாரைத் தின்னிருக்காங்கன்னு பாருங்க. அதுக்கப்புறம் யாரு மேல குத்தம்னு பேசலாம்."

நல்ல உடுப்புப் போட்டு வந்திருந்த இருபது ஆண்கள் தலை குனிந்து மீன் அறுத்தார்கள். மதினி வரிசைக்கு இடையில் நடந்து, ஒவ்வொருவர் தோளுக்கு மேலும் எட்டிப் பார்த்து, கத்தி பிடிப்பது சரியில்லை என்று திட்டிக்கொண்டே வந்தார்.